காத்து மோட்டர்

இளவரசி பிளாஸ்டிக் ஜக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, அதே தொட்டிக்குள் திரும்ப ஊற்றினாள். அது நுரைத்துக்கொண்டு விழுந்தது. மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். தோள்பட்டை எப்போதோ விட்டுப்போயிருந்தது. புடவையின் வலதுபக்கம் முழுக்க உப்புத் தண்ணீர் ஊறி, காய்ந்த இடமெல்லாம் விறைத்துப்போய் உராய்ந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், அதே ஹாலில், ஐஸ் பெட்டிக்குள் அவள் அப்பா சீனுவாசன் மாலையோடு படுத்திருந்தார்.

“பெத்த அப்பன் கெடக்கிறான், ஒரு சொட்டு கண்ணீரக் காணோம். இவ இன்னாடான்னா மீனுக்கு அபிஷேகம் பண்ணிக்கினு இருக்கா” என்றாள் வீரம்மாள், யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி. வீரம்மாள் சீனுவாசனின் அக்கா. முகையூர்ப் பக்கம் நிலம் நீச்சோடு இருக்கிறவள். எந்தச் சாவுக்கும் முதல் பஸ்ஸில் போய், எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் திரும்புவாள். சொந்தத் தம்பி சாவில் விட்டுக்கொடுப்பாளா?

“காத்து இல்லாம செத்துடும் அத்தே.”

“செத்தா சாவட்டுமே. ஆளே பூட்டான்.”

இளவரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதை விழுங்கிவிட்டு ஜக்கில் மொண்டாள். நேற்றிலிருந்து விழுங்கியதே வயிறு முட்ட இருந்தது.

சீனுவாசன் சனிக்கிழமை விடிகாலையில் போனார். பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டு அமலா டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பாயில் ஒருக்களித்துத் தூங்குகிற மாதிரியேதான் இருந்தாராம். நெஞ்சுதான் என்றார் டாக்டர். அன்றைக்கே எடுத்திருந்தால் இத்தனை பேஜாரு இல்லை. சனிக்கிழமையில் எடுத்தால் துணைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று வீரம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவானது. அதனால் ஐஸ் பெட்டி வந்தது.

ஐஸ் பெட்டி வந்ததும் வராததுமாக, அதைக் கொண்டுவந்த ஆள் ஹாலில் பெரிய பிளக் எங்கே என்று தேடினான். இருந்தது ஒன்று. அதில்தான் மீன் தொட்டியின் சாமான் எல்லாம் மாட்டியிருந்தது: தண்ணீரைக் குளிரவைக்கிற மிஷின், ஃபில்டர், காத்து மோட்டர், மேலே எரிகிற நீல லைட். அத்தனையையும் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியைச் சொருகினான். கத்திரி வெயில் காலம். திண்டிவனம் கிடங்கல் பகுதி முழுக்க லோ வோல்டேஜ். ஃபேனைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டான்.

இளவரசி கெஞ்சிக் கூத்தாடி, காத்து மோட்டரை மட்டுமாவது சமையலறைப் பிளக்கில் போடலாம் என்று வயரை இழுத்து மாட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மோட்டர் அது, குண்டு பல்பு எரிகிற கரண்டுகூட அதற்குத் தேவையில்லை. அவள் நேரம், அது ‘ஙொய்’ என்று ஓட ஆரம்பித்த அதே நிமிஷத்தில் ஐஸ் பெட்டி பீப் பீப்பென்று கத்திவிட்டு நின்றுபோனது. அவ்வளவுதான், மீன் மோட்டர்தான் பெட்டியை நிறுத்தியது என்று சாவு வீடு மொத்தமும் முடிவு கட்டிவிட்டது.

“அக்கா, இந்த வூட்டு லைனு ஒண்ணத்தான் தாங்கும்” என்றான் பெட்டிக்காரன். “மீனா, அப்பாவான்னு நீங்களே பாத்துக்குங்க.”

ராத்திரி வோல்டேஜ் ஏறிய பிறகு அவள் கணவன் தேவா யாருக்கும் தெரியாமல் மோட்டரைப் போட்டு வைத்தான். விடிந்ததும் வீரம்மாள் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். அதிலிருந்து ஜக்குதான்.

தொட்டிக்குள் பேத்தை மீன் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தேங்காய் அளவுக்குத் தடித்த உடம்பு, உடம்பெல்லாம் புள்ளி, முயலுக்கு இருப்பதுபோல முன்பல். அதற்குப் பக்கத்திலேயே, துடுப்பு உரசுகிற தூரத்தில், கிளாத்தி மீனும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மற்ற நாளாயிருந்தால் இத்தனை கிட்டத்தில் வந்த கிளாத்தியை அது சும்மா விட்டிருக்காது. இன்றைக்குக் கடிக்கக்கூடத் தெம்பில்லை.

சீனுவாசன் அரசு பஸ் டிரைவர். கடைசி வருஷங்களில் திண்டிவனம்–மரக்காணம் வண்டி ஓட்டினார். ஒருநாள் வண்டி திரும்ப நேரமிருக்கிறதே என்று கடற்கரைப் பக்கம் நடந்தவர், வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை ஒன்று மணலில் பந்தாக உப்பிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார். பேத்தையை யாரும் தின்ன மாட்டார்கள், விஷம். போகிறவர் வருகிறவர் எல்லாம் காலால் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர் குடிதண்ணீர்க் கேனைக் காலி பண்ணி, கடல்தண்ணீர் பிடித்து, அதற்குள் இதைப் போட்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். “கொழம்புகூட வைக்க முடியாதத எதுக்குத் தூக்கினு வந்தே?” என்றாள் அம்மா.

அம்மா இருந்தவரைக்கும் அது ஒரு மீன். அம்மா போன பிறகு அதுதான் குடும்பம். தொட்டி பெரிதானது, ஃபில்டர் வந்தது, குளிர் மிஷின் வந்தது, மாசம் தவறாமல் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வந்தது. அமலா டீச்சர்கூட ஒருமுறை கேட்டார், இந்த மோட்டர் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறீர்களோ என்று. “காலம் பூரா இஞ்சின் பக்கத்துல ஒக்காந்தவன் டீச்சர் நானு. சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்” என்று சொல்லிச் சிரித்தார் சீனுவாசன்.

அந்தப் பேத்தைக்குத் துணை தேடியே அவர் பாதி ஆயுளைக் கரைத்தார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டை வாங்கி விட்டார், வாலைக் கடித்துத் துப்பியது. நீலக் கலரில் பொடிப்பொடியாய் ஒரு கூட்டம் வாங்கி விட்டார், ஒவ்வொன்றாக மூளியாகிச் செத்தது. சங்குக்குள் குடியிருக்கிற நண்டைச் சங்கோடு கடித்து மென்றது. இறால் வந்த அன்றைக்கே காணோம். கோட்டக்குப்பத்தில் இப்ராஹிம் ஷா என்று ஒரு கூட்டாளி இருந்தார், துபாயில் மீன் தொட்டிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் தலையில் அடித்துக்கொள்வார். “அது தனி ஆளு சீனு அண்ணே. தனியா வுட்டாத்தான் அதுக்கும் நல்லது, மத்ததுக்கும் நல்லது.”

“தனியா எப்பிடிய்யா இருக்கும்? பழகிடும், பழகிடும்” என்று சீனுவாசன் அடுத்ததை வாங்கி விடுவார். கடைசியில் தாக்குப்பிடித்தது இந்தக் கிளாத்தி மட்டும். பாதித் துடுப்போடு கல்லிடுக்கில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது.

மீனுக்கு இத்தனை நியாயம் பேசிய மனுஷன், தான் மட்டும் இந்த வீட்டில் மூன்று வருஷமாக ஒண்டியாக இருந்தார்.

இளவரசி கூப்பிடாத நாளில்லை. விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அவர்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு ரூமையே ஒதுக்கி வைத்திருந்தாள். கட்டில் போட்டு, கைப்பிடி வைத்த கக்கூஸ் கட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருந்தாள். “வர்றேம்மா, வராம எங்க போறேன்? இத யார்கிட்ட வுடறது, அதான் யோசிக்கிறேன்” என்பார். தொட்டியோடு வாப்பா என்றால், வழியில் குலுங்கினால் செத்துவிடும் என்பார். யாருக்காவது கொடுத்துவிடு என்றால், எதோடும் சேராத மீனை எவன் வாங்குவான் என்பார். போன தை மாசம் நெஞ்சுவலி என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டிரிப்ஸ் ஊசி கையில் இருக்கும்போதே, பேத்தைக்குத் தீனிக்கு மட்டிச் சிப்பி போட வேண்டும் என்று சண்டை போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிப்போனார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து இளவரசி கத்தினாள். “அதுக்கே அப்பனா இருந்துக்க. எனக்கு வேணாம்.”

அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டிவிட்டுப் போனார்.

பேத்தை நிஜமா, சாக்கா? இந்த மூன்று வருஷமாக அவளை அரித்தது இதுதான். மருமகன் வீட்டில் போய் இருப்பதா என்ற கௌரவமா, மகள் கை பார்த்துச் சாப்பிடுவதா என்ற ரோஷமா, இல்லை, அவளோடு இருப்பதே பிடிக்கவில்லையா? நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். மனுஷன் மீனை நடுவில் நீந்தவிட்டுவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியாகப் பேசியது வியாழக்கிழமை சாயங்காலம். அவள் பில் போடுகிற மெடிக்கலில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்துப் போன் வந்தது.

“ஏம்மா, அந்த ரூம்ல ஃபேன் சத்தம் போடுமா?”

“போடாதுப்பா. புதுசு மாட்டியாச்சு. ஓடுறதே தெரியாது.”

“ஓடுறதே தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

அந்தப் பக்கத்தில் மோட்டர் சத்தம் மட்டும் கேட்டது. “சரி, வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டார். இளவரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் சாக்கு தீர்ந்து இப்போது ஃபேனில் குற்றம் தேட ஆரம்பித்துவிட்டார், அடுத்தது பாத்ரூம் குழாயைப் பற்றிக் கேட்பார் என்று தேவாவிடம் அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புலம்பினாள்.

அதனால்தான் இந்த ஜக்கு. பாசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இதற்காகத்தான் வரமாட்டேன் என்றார். அவரும் போய், மறுநாளே இதுவும் செத்து மிதந்தால், மூன்று வருஷம் எதற்காக என் வீட்டுக்கு வராமல் இருந்தார் என்பதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட மிஞ்சாது. பேத்தை மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்கு அது உயிரோடு இருந்தே ஆகவேண்டும்.

“அக்கா, பேசாம நான் இத்த ஏரில வுட்டுட்டு வந்துடட்டுமா?” பெரியப்பா மகன் சின்னதுரை பக்கத்தில் வந்து நின்றான். கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தான், மீசையை எடுத்துவிட்டு ஆளே மாறியிருந்தான்.

“கடல் மீன்டா அது. ஏரித் தண்ணில போட்டா செத்துடும்.”

“தண்ணி தானக்கா எல்லாம்?”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மேளக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டான்.

மதியம் பாடை கட்டி முடிந்தது. நீர்மாலை வந்தது. பெட்டியிலிருந்து எடுத்து வெளியே பந்தலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். கோடி போட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது இளவரசி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே காது மட்டும் தொட்டிப்பக்கம் இருக்கிற அதே முகம். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கை வலிதான் தெரிந்தது.

வெடி வெடித்து ஊர்வலம் கிளம்பியது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். இளவரசி முனையில் நின்று, பாடை மயிலம் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தாள். இனி பிளக் காலி என்ற நினைப்புத்தான் அவளுக்கு முதலில் வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டு, வேகுவேகென்று வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீடு கழுவுகிறார்கள். பிணம் எடுத்த வீட்டில் முந்தின நாள் தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். இது ஊரறிந்த முறை. வீரம்மாளின் தலைமையில் நாலைந்து பெண்கள் அதைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். குடம் கவிழ்ந்துவிட்டது. அண்டா கவிழ்ந்துவிட்டது. இப்போது மீன் தொட்டிக்கு வந்திருந்தார்கள்.

ஒருத்தி பக்கெட்டில் மொண்டு கொடுக்க, இன்னொருத்தி வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தாள். தொட்டியில் பாதிதான் இருந்தது. பக்கெட் உள்ளே போகும்போதெல்லாம் பேத்தை மூலைக்கு ஓடி முட்டியது. அடுத்த முறை பக்கெட் இறங்கியபோது பொறுக்கமாட்டாமல் தண்ணீரைக் குடித்து உடம்பைப் பந்தாக்கி, முள்ளெல்லாம் விறைக்க நின்றுவிட்டது.

“ஐயய்யோ, பொம்முனு ஊதுதுடி!” என்று பக்கெட்டை வைத்திருந்தவள் பின்வாங்கினாள்.

“ஊதட்டும், நீ மொள்ளு” என்றாள் வீரம்மாள்.

“விடுங்க!” என்று கத்தினாள் இளவரசி. இரண்டு நாளாக விழுங்கியது மொத்தமும் அந்த ஒரு கத்தலில் கிளம்பி வந்தது. “விடுங்க, தொடாதீங்க! யாரு சொன்னது உங்கள? ஏன் இப்பிடிப் பண்றீங்க? ஏன் எல்லாரும் என்ன இப்பிடிப் பண்றீங்க?”

குரல் நடுவில் உடைந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது அந்தப் பெண்களுக்கு. வந்துவிட்டதடி, அழுகை வந்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்று பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். “அழுதுடு கண்ணு, அழுதுடு. அடக்கி வெக்காத” என்று ஒருத்தி முதுகைத் தடவினாள். இன்னொருத்தி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ‘பஸ்ஸோட்டிப் போன ராசா, பாதியில எறங்கினியே’ என்று ஒப்பாரியை எடுத்தாள். வீரம்மாள் கூடச் சேர்ந்துகொண்டாள். நாலு பேர் நாலு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

“அதில்ல... மோட்டரு... பிளக்கு...” என்றாள் இளவரசி. ஒருத்திக்கும் கேட்கவில்லை. அவள் திமிறத் திமிற அவர்கள் இன்னும் இறுக்கினார்கள். நாலு பேர் தோளுக்கு நடுவில் தெரிந்த இடுக்கு வழியாக, பந்தாக உப்பிய பேத்தை பாதித் தண்ணீரில் திக்கில்லாமல் உருண்டு மிதப்பது அவளுக்குத் தெரிந்தது.

“சீனு அண்ணே...” என்று வாசலில் ஒரு குரல் இழுத்தது. அப்புறம் நின்றுவிட்டது.

வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக இப்ராஹிம் ஷா நின்றிருந்தார். ஒரு கையில் தெர்மாகோல் பெட்டி, இன்னொரு கையில் தண்ணீர்க் கேன். தெருவில் சிதறிக் கிடந்த பூவைப் பார்த்தார், கழுவிவிட்ட ஹாலைப் பார்த்தார், தலைமாட்டு விளக்கு எரிகிற இடத்தைப் பார்த்தார். கேனைத் தரையில் வைத்துவிட்டு வாய்க்குள் எதையோ ஓதினார்.

“காலைலேர்ந்து போன் அடிக்கிறேன். யாரும் எடுக்கல. தூங்குறாருன்னு நெனச்சேன்” என்றார்.

பெண்கள் கையைத் தளர்த்தினார்கள். இளவரசி அவர்களை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் மோட்டரின் வயரை ஐஸ் பெட்டி இருந்த பிளக்கில் சொருகினாள். மோட்டர் ஒருமுறை திக்கியது. பிறகு ‘ஙொய்’ என்று பிடித்துக்கொண்டது. தொட்டியின் அடியிலிருந்து குமிழி கிளம்பியது. வீரம்மாள் வாயைத் திறந்தாள். வெளி ஆள் நிற்கிறதைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

இப்ராஹிம் ஷா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தொட்டிக்குள் கேன் தண்ணீரைச் சுவரோரமாக மெல்ல ஊற்றினார். பேத்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கக்கிப் பழைய உருவத்துக்கு வந்தது.

“நீங்க எப்பிடி பாய் இன்னிக்கு வந்தீங்க? நாங்க யாரும் சொல்லலியே” என்றாள் இளவரசி.

“அவருதாம்மா வரச் சொன்னாரு.” தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். “வெள்ளிக்கெழம ராத்திரி போன் பண்ணாரு. ‘பாய், ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கினு வா, பேத்தைய நீ வெச்சிக்க. நான் பொண்ணு வூட்டுக்கு விழுப்புரம் போறேன், இனிமே அங்கதான்’னாரு. நான்தான் எத்தினியோ வாட்டி கேட்டிருக்கேனே, தரமாட்டேன்னு சொன்னவராச்சே. இன்னா அண்ணே திடீர்னுன்னேன். ‘வயசாவுதுய்யா’ன்னாரு.”

இளவரசி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குன்னு தனித் தொட்டி ஒண்ணு போட்டு வெச்சிட்டேன். கிளாத்திக்கு வேற தொட்டி. நடுவுல கண்ணாடி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கலாம், கடிச்சிக்க முடியாது. அதுதான் அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம்.” அவர் ஒரு பக்கெட்டைத் தண்ணீருக்குள் சாய்த்து அமுக்கி, பேத்தையைக் கையால் மெல்ல ஓட்டி உள்ளே வரவைத்தார். வலை போடவில்லை. வெளிக்காற்று பட்டால் காற்றைக் குடித்து உப்பிக்கொள்ளும், அப்புறம் கக்கத் தெரியாது. பக்கெட்டோடு தூக்கித் தெர்மாகோல் பெட்டிக்குள் ஊற்றினார். கிளாத்திக்கு ஒரு தனிப் பை. “தொட்டியக் கருமாதி முடிஞ்சி வந்து எடுத்துக்கிறேம்மா. இப்ப வேணாம்.”

“மோட்டரையும் எடுத்துக்குங்க பாய்” என்றாள் இளவரசி.

“அத்த மட்டும் தரமாட்டேன்னுட்டாரும்மா.” இப்ராஹிம் ஷா பெட்டி மூடியை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். “‘தொட்டிய எடுத்துக்க, கல்லு மண்ணு எல்லாத்தையும் எடுத்துக்க, காத்து மோட்டர் மட்டும் என்கிட்ட இருக்கட்டும், விழுப்புரத்துக்கு எடுத்துக்கினு போறேன்’னாரு. மீனே இல்லாம மோட்டர் எதுக்குண்ணேன்னேன். சிரிச்சாரு. சொல்லல.”

அவர் போன பிறகு வீரம்மாள் வந்தாள். இருந்த ஆத்திரத்துக்கு அவள் தொட்டியையே உடைத்துவிடுவாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். இளவரசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துடைப்பத்தை மட்டும் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

“மீனுதான் பூடுச்சே. மீதித் தண்ணிய எடுத்து ஊத்திடலாம் இல்ல?”

“இருக்கட்டும் அத்தே.”

“யாருக்குடி ஓடுது அது?”

வீரம்மாள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு முறையெல்லாம் ஒருபக்கம் கிடக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். கால் கழுவிக்கொண்டு, விளக்கைப் பார்த்துவிட்டு, ஆளாளுக்கு ஒரு மூலையில் சாய்ந்தார்கள். பால் தெளி காலையில்தான், அதுவரைக்கும் யாரும் கிளம்ப முடியாது. ஃபேன்கள் ஓட ஆரம்பித்திருந்தன. தேவா தலை துவட்டிக்கொண்டே செல்போன் சார்ஜரோடு பிளக்குப் பக்கம் வந்தான். அப்பாவின் பாயில், தொட்டிக்குப் பக்கத்தில், இளவரசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதித் தண்ணீர் நின்ற தொட்டியில் ஒன்றுமில்லை, கல்லும் குமிழியும்தான்.

“இத்தப் புடுங்கிட்டு சார்ஜ் போட்டுக்கட்டா?”

“வேணாம். அது ஓடட்டும்.”

அவன் அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். சார்ஜர் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

“ஏங்க, அந்த ரூம்ல கட்டிலுக்குப் பக்கத்துல பிளக் இருக்குதா?”

“எந்த ரூம்ல? அப்பாவுக்குன்னு போட்டமே, அதுலயா?” தேவா யோசித்தான். “தலமாட்டுல ஒண்ணு இருக்குது. ஏன்?”

“இருக்குதில்ல?”

“இருக்குது.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு பாயில் ஒருக்களித்துப் படுத்து, கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துக்கொண்டாள். காதுக்குப் பக்கத்தில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.